திரையில் நட்சத்திரம், கம்பியில் அம்மணம்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் சூடாவும் இருக்கும். பொட்டி தட்டுற மக்களுக்கு நேரடியாப் புரியும். மத்தவங்க ஓடிடாதீங்க. காலைல ஆபீஸ் போனதும் ஒரு பேரும் ஒரு கடவுச்சொல்லும் அடிச்சுட்டு ஆணி புடுங்க ஆரம்பிக்கிற எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு.

கடவுச்சொல் அடிக்கும்போது எழுத்துக்குப் பதிலா நட்சத்திரமோ கருப்புப் புள்ளியோ வருதே, அது யார்கிட்ட இருந்து மறைக்குதுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? முதுகுக்குப் பின்னாடி நிக்கிறவர்கிட்ட இருந்து. அவ்வளவுதான். பாதி நேரம் பின்னாடி வெறும் சுவர்தான் இருக்கும். இதனால நன்மையைவிட தொல்லைதான் அதிகம், எடுத்துடுங்கன்னு யாக்கோப் நீல்சன் 2009லயே எழுதினார். பெரிய சண்டை நடந்துச்சு. 2017ல அமெரிக்க தர நிர்ணய நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும், வேணும்னா அடிச்சதைப் பார்த்துக்கிற வசதி கொடுங்கன்னுதான் சொல்லுது.

என் சண்டை நட்சத்திரத்தோட இல்லை. திரைல இவ்வளவு வெட்கப்படுற அதே கடவுச்சொல், என்டர் தட்டினதும் கம்பில எப்படிப் போகுது, போய்ச் சேர்ற இடத்துல யார் யாரெல்லாம் அதைப் பார்க்கலாம், இதைக் கேட்டா மட்டும் நம்ம கணினித் துறை ஆசாமிகளுக்குக் கோபம் வருது பாருங்க, அதோடதான் சண்டை.

கதையை முதல்லருந்து சொல்லிடறேன். ஒரு ஆபீஸ்ல நூறு கணினி இருந்தா நூறுலயும் தனித்தனியா கணக்கு வைக்க முடியாது. அதனால எல்லார் பேரையும் ஒரே இடத்துல வச்சு, எந்தக் கணினில உக்காந்தாலும் அங்க கேட்டுக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு. அதுதான் டைரக்டரி. நல்ல யோசனை, குறை சொல்ல மாட்டேன். ஆனா டைரக்டரிங்கிறது அடிப்படைல ஒரு தொலைபேசிப் புத்தகம். எல்லாரும் புரட்டணும்னுதான் அதைச் செய்றது. அந்தப் புத்தகத்துல கடவுச்சொல்லையும் சேர்த்து அச்சடிச்சா? அதைத்தான் நாற்பது வருஷமா மாத்தி மாத்திப் பண்ணிட்டு இருக்காங்க.

அதுக்கும் முன்னாடி ஒரு சம்பவம். 1960களில் எம்ஐடில சிடிஎஸ்எஸ்னு ஒரு கணினி. ஒரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பைத் திருத்திட்டு இருக்கார். இன்னொருத்தர் அதே நேரத்துல, உள்ளே நுழையுற எல்லாருக்கும் காட்டுற 'இன்றைய செய்தி'யைத் திருத்திட்டு இருக்கார். எடிட்டர் போட்ட தற்காலிகக் கோப்பு ரெண்டும் இடம் மாறிடுச்சு. அப்புறம் என்ன, உள்ளே வந்த ஒவ்வொருத்தருக்கும் இன்றைய செய்தியா ஊரோட கடவுச்சொல் எல்லாம் அச்சாகி வந்துச்சு :)

சிரிச்சாச்சா? இதையெல்லாம் பார்த்துத்தான் யூனிக்ஸ் செஞ்சவங்க, கடவுச்சொல்லை அப்படியே வைக்காம ஒரு வழியாப் போனா திரும்பி வர முடியாத மாதிரி அரைச்சு வச்சாங்க. அதான் ஹேஷ். அரைச்சதை எட்ஸி பாஸ்வ்ட்ங்கிற கோப்புல எல்லாரும் படிக்கிற மாதிரியே விட்டாங்க (பாஸ்வேர்ட்ல ரெண்டு எழுத்தை மிச்சம் பிடிச்ச சிக்கனம் வேற). காரணம் இருந்துச்சு. ஒரு கோப்போட சொந்தக்காரர் பேரைக் காட்டணும்னாகூட அந்தக் கோப்பைப் படிச்சாகணும். அரைச்சதுதானே, பார்த்தா என்ன போச்சுன்னு விட்டுட்டாங்க.

என்ன போச்சுங்கிறதுக்குப் பதில் 1979லயே வந்தாச்சு. ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் எழுதின கட்டுரை. அவங்க சேகரிச்ச 3,289 கடவுச்சொற்கள்ல 2,831, அதாவது 86 சதவீதம், ஒண்ணு ரொம்பச் சின்னது, இல்லைன்னா சின்ன எழுத்து மட்டுமே, இல்லைன்னா அகராதில இருக்கிற சொல். அரைச்சதைத் திருப்ப வேண்டியதே இல்லை, அகராதியை எடுத்து ஒவ்வொரு சொல்லா அரைச்சு ஒப்பிட்டுப் பார்த்தா போதும். ஒன்பது வருஷம் கழிச்சு 1988 நவம்பர்ல இணையத்தைக் கவுத்த புழு, தன்னோட 432 சொல் பட்டியலை வச்சுக்கிட்டு அதே கோப்பை இப்படித்தான் மேஞ்சுச்சு. அந்தப் புழுவை எழுதின பையன், 1979 கட்டுரை எழுதின மோரிஸோட மகன். அப்பா எச்சரிச்சதை மகன் செஞ்சு காட்டினார். இதுக்கு மேல நிரூபணம் யாருக்கு வேணும்?

இதுக்கு ஒரு பின்கதையும் உண்டு. பழைய பிஎஸ்டி யூனிக்ஸ் மூலநிரலோட சேர்ந்து அந்தக் காலத்து பாஸ்வ்ட் கோப்பு ஒண்ணும் பொதுவுல கிடந்துச்சு. பெரிய பெரிய தலைகளோட ஹேஷ் எல்லாம் அதுல இருந்துச்சு. ஒவ்வொண்ணா உடைச்சாங்க. டென்னிஸ் ரிட்சியோடது நாலே எழுத்து. ரொம்ப நாள் தாக்குப்பிடிச்சது கென் தாம்சனோடது. அதுவும் 2019ல, ஒரு கிராஃபிக்ஸ் அட்டை நாலு நாளுக்கு மேல ஓடினதுல உடைஞ்சுடுச்சு. சதுரங்கத்துல ராணிக்கு முன்னால இருக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் நகர்த்துற ஆட்டக் குறிப்பு அது! ஆள் ரசனைக்காரர். ஆனா பாருங்க, யூனிக்ஸைப் படைச்சவரே ஆனாலும் ஹேஷ் வெளில தெரிஞ்சா காலம் ஒருநாள் தின்னுடும். உங்க கிளார்க்கோட கடவுச்சொல் எத்தனை நிமிஷம் நிக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

சரி, பாடம் படிச்சு ஷேடோ கோப்புன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. ஹேஷை அங்க மாத்தி, ரூட் மட்டும் படிக்கிற மாதிரி பூட்டு போட்டாச்சு. முடிஞ்சுச்சா? இங்கதான் டைரக்டரி வந்து எல்லாத்தையும் திரும்பத் திறந்து விட்டுச்சு.

சன் நிறுவனம் 1980களில் யெல்லோ பேஜஸ்னு ஒரு டைரக்டரி கொண்டுவந்துச்சு. அந்தப் பேர் பிரிட்டிஷ் டெலிகாமோட வணிகக்குறி, அதனால என்ஐஎஸ்னு மாத்திக்கிட்டாங்க. ஆனா கட்டளைப் பேர்ல எல்லாம் அந்தப் பழைய 'ஒய்பி' இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுல ஒய்பிகேட்னு ஒரு கட்டளை. சாதாரணப் பயனர் 'ஒய்பிகேட் பாஸ்வ்ட்'னு அடிச்சா அலுவலகத்துல அத்தனை பேரோட ஹேஷும் வரிசையா வந்து விழும். லினக்ஸ்ல ஷேடோ போட்டிருக்கோமேன்னு சொல்வாங்க. என்ஐஎஸ் செர்வரோட மேக்ஃபைலைத் திறந்து பாருங்க, ஷேடோவையும் பாஸ்வ்டையும் கலந்து பரிமாறுறதுக்குன்னே ஒரு தேர்வு வச்சிருக்காங்க. வீட்டுக்குள்ள பீரோவுக்குப் பூட்டு, அதே நகையைத் தெருவுல கடை பரப்புற கதை. கேக்குற கணினி நம்ம கணினிதானான்னுகூட சரியாச் சோதிக்காது, டொமைன் பேர் தெரிஞ்சாப் போதும். எந்தெந்த முகவரிக்குக் கொடுக்கலாம்னு கட்டுப்படுத்த ஒரு கோப்பு உண்டு. அதை ஒழுங்கா நிரப்பி வச்ச இடத்தை நான் பார்த்தது ரொம்பக் குறைவு. ரெட்ஹாட் ஒருவழியா 2022ல வந்த 9ஆம் பதிப்புல என்ஐஎஸ்ஸையே தூக்கிடுச்சு. நல்ல காரியம். முப்பத்தஞ்சு வருஷம் லேட்டு.

அப்புறம் எல்டாப். இதுதான் என் வயித்தெரிச்சல்.

எல்டாப்புல 'சிம்பிள் பைண்ட்'னு ஒண்ணு இருக்கு. நான் இன்னார், என் கடவுச்சொல் இதுன்னு செர்வர்கிட்ட சொல்றது. சிம்பிள்னா நிஜமாவே சிம்பிள். கடவுச்சொல்லை அரைக்காம, மூடாம, எழுத்து எழுத்தா 389ஆம் போர்ட்ல அனுப்புறது. டிஎல்எஸ் போட்டு மூடலைன்னா நடுவுல இருக்கிற யார் வேணாலும் படிக்கலாம். தரத்தை எழுதினவங்களும் மூடாம அனுப்பாதேன்னுதான் எழுதி வச்சிருக்காங்க. படிச்சாத்தானே!

இதுல ஒரு நுணுக்கம் நிறைய பேருக்குத் தெரியறதில்லை. "எங்க செர்வர் மூடாத பைண்டை ஏத்துக்கவே ஏத்துக்காது, மறுத்துடும்"னு பெருமையாச் சொல்வாங்க. சாமி, செர்வர் மறுக்கிறது கடவுச்சொல் அங்க போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம்தான். கம்பில அது ஏற்கெனவே அம்மணமாப் போயாச்சு. பஸ்ஸு போனப்புறம் கேட்டை மூடுற வேலை. மறுக்க வேண்டியதுதான், தப்பான அமைப்பு அப்பவே கண்ணுல படும். ஆனா அனுப்புற பக்கம் சரியா இல்லாம இது பாதுகாப்பு ஆகாது. அனுப்புற பக்கம் எப்படி இருக்கும் தெரியுமா? டிஎல்எஸ் போட்டிருப்பாங்க, சான்றிதழ் சரிபார்ப்பதை 'நெவர்'னு அணைச்சு வச்சிருப்பாங்க. ஏன்னா ஒருநாள் எர்ரர் வந்துச்சாம், கூகுள்ல தேடினா இதைப் போடச் சொல்லிச்சாம். உறையை ஒட்டி, யார் கை நீட்டினாலும் கொடுத்துட்டு வர்றதுக்கு எதுக்கய்யா உறை?

அடுத்தது பேஸ்64 மாயை. எல்டாப்ல தேடினா யூசர்பாஸ்வேர்ட்ங்கிற புலத்துக்குப் பக்கத்துல ரெண்டு முக்காற்புள்ளி போட்டு ஏதோ கன்னாபின்னான்னு எழுத்து வரும். "பாருங்க, என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கு"ன்னு என்கிட்டயே வாதாடியிருக்காங்க. அது பூட்டு இல்லை, வெறும் எழுத்து மாத்தம். ஒரே கட்டளைல திரும்ப வந்துடும். வந்து பார்த்தா சில இடத்துல ஹேஷ் இருக்கும், சில இடத்துல நேரடியா கடவுச்சொல்லே இருக்கும். அட, அந்தப் புலத்தை எதுக்கு எல்லாருக்கும் காட்டணும்? ஓபன்எல்டாப்ல அனுமதி விதி எதுவுமே எழுதலைன்னா எல்லாரும் எல்லாத்தையும் படிக்கலாம்ங்கிறதுதான் இயல்பு நிலை. விதி எழுதுறது நிர்வாகியோட வேலை. நாலு வரி. அந்த நாலு வரியை எழுத நேரமில்லாதவங்கதான் 'வலுவான கடவுச்சொல் வைப்போம்'னு லிஃப்ட்ல போஸ்டர் ஒட்டுறாங்க.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன். சில வருஷம் முன்னாடி ஒரு கம்பெனில ஒப்பந்த வேலை. பேர் வேணாம். அங்க கணக்குப் பிரிவுல இருந்த ஒரு அக்காவோட கணக்குல இருந்து சம்பளப் பட்டியல் வெளில போயிடுச்சு. விசாரணை வச்சாங்க. விசாரணைல கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "உங்க பாஸ்வேர்ட் உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?" அவங்க ஆமான்னுதான் சொன்னாங்க. வேற என்ன சொல்வாங்க? யார்கிட்டயும் சொன்னதில்லை, சீட்டுல எழுதி ஒட்டினதும் இல்லை. அந்த உண்மையான பதிலே அவங்களுக்கு எதிரான சாட்சி ஆயிடுச்சு. மெமோ கொடுத்தாங்க.

அந்த ஆபீஸ்ல விடுப்பு விண்ணப்பம் போடுற செயலி எல்டாப் செர்வரோட 389ல மூடாமப் பேசிட்டு இருந்துச்சு. எனக்குத் தெரியும், ஏன்னா வேற ஒரு கோளாறுக்காக அந்தப் பக்கம் பார்க்க வேண்டி வந்தது. மேலாளர்கிட்ட அனுமதி வாங்கி, சுவிட்ச்ல ஒரு மிரர் போர்ட் போட்டு, அவர் முன்னாடியே பத்து நிமிஷம் ஓட விட்டேன். திரைல வரிசையாப் பேர், பக்கத்துல கடவுச்சொல். அஞ்சாவதோ ஆறாவதோ அவரோடதே வந்துச்சு. மனுஷன் முகம் போன போக்கு! அப்புறம் அவர் சொன்னது: "இதை வெளில பேசிக்க வேணாம் தம்பி." அக்காவோட மெமோவை யாரும் திரும்ப வாங்கலை. கொஞ்ச மாசத்துல அவங்க வேலையை விட்டுட்டாங்க.

அவங்க அனுப்பலைன்னு நான் சத்தியம் பண்ண வரலை. எனக்கு அது தெரியாது. அந்தக் கம்பெனிக்கும் தெரியாது, அதான் பாயிண்ட். அங்க வேலை செஞ்ச யார் வேணாலும், வயரை இழுத்துட்டுப் போன பையன் உட்பட, அந்தக் கடவுச்சொல்லைப் பார்த்திருக்கலாம்ங்கிற நிலைல வச்சுக்கிட்டு, "உங்களுக்கு மட்டும்தானே தெரியும்"னு கேக்குறது விசாரணையா? கடவுச்சொல் ரகசியமா இருந்தாத்தான் அது கையெழுத்து. இல்லைன்னா அது வெறும் பேர் சீட்டு. ஊருக்கே தெரியுற ஒண்ணை வச்சு ஒருத்தர் வேலையைப் பறிக்கலாம்னா, அதே ஆதாரத்தை வச்சு அந்த மேலாளரையும் விசாரிச்சிருக்கணும்ல?

"விண்டோஸ்ல இந்தப் பிரச்சினை எல்லாம் கிடையாது"ன்னு ஒரு கோஷ்டி கையைத் தூக்கும். வாங்க. ஆக்டிவ் டைரக்டரில கடவுச்சொல் புலத்தை நிர்வாகியே எல்டாப் வழியாப் படிக்க முடியாது, உண்மை. பாராட்டலாம். ஆனா விண்டோஸ் செர்வர் 2008ல குரூப் பாலிசி பிரிஃபரன்ஸஸ்னு ஒரு வசதி வந்துச்சு. எல்லாக் கணினிலயும் ஒரே உள்ளூர் நிர்வாகி கடவுச்சொல் வைக்கணுமா, ஒரு பெட்டில எழுதினாப் போதும். அது ஒரு எக்ஸ்எம்எல் கோப்பா சிஸ்வால்ல போய் உக்காரும். சிஸ்வாலை டொமைன்ல இருக்கிற எல்லாரும் படிக்கலாம். ஏஇஎஸ்ல பூட்டித்தானே இருக்குன்னா, அந்தப் பூட்டோட சாவியை, 32 பைட்டையும், மைக்ரோசாஃப்டே தன்னோட ஆவணத்துல வெளியிட்டு வச்சிருந்துச்சு. உலகம் முழுக்க ஒரே சாவி! 2014 மே மாசம் எம்எஸ்14-025னு ஒரு திருத்தம் வந்துச்சு. அது என்ன பண்ணுச்சு? இனிமே புதுசா எழுத விடாது. ஏற்கெனவே எழுதி வச்ச கோப்பைத் தொடாது, அதை நாமதான் தேடி அழிக்கணும். அழிக்காத இடங்கள்ல அது இன்னைக்கும் அப்படியே தூங்கிட்டு இருக்கும்.

அதே ஆக்டிவ் டைரக்டரில 'டிஸ்கிரிப்ஷன்'னு ஒரு புலம். அதுல சர்வீஸ் கணக்கோட கடவுச்சொல்லை மறந்துடக்கூடாதுன்னு எழுதி வைக்கிற புண்ணியவான்கள் இருக்காங்க. டொமைன்ல நுழைஞ்ச எந்தப் பயனரும் அந்தப் புலத்தைப் படிக்கலாம். ஸ்ஸப்பா... இதுக்கு ஹேக்கர் எதுக்கு, கண் தெரிஞ்சாப் போதும்.

மூலைல நிக்கிற ஜெராக்ஸ் மெஷினைக்கூட விடாதீங்க. ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்ப அதுக்கு முகவரிப் பட்டியல் வேணும், அதுக்காக அதுக்குள்ள ஒரு எல்டாப் கணக்கு. மெஷினோட நிர்வாகப் பக்கத்துக்குப் பெட்டில வந்த கடவுச்சொல்லே இருக்கும். செர்வர் முகவரியை மட்டும் தன் லேப்டாப்புக்கு மாத்தி 'டெஸ்ட்' பட்டனை அமுக்கினா, மெஷின் சமர்த்தாக் கடவுச்சொல்லைக் கொண்டுவந்து கொடுக்கும்.

கெர்பரோஸ் பத்தி ஒரு வரி. கடவுச்சொல்லைக் கம்பில அனுப்பவே வேணாம்னு 1980களில் எம்ஐடில யோசிச்சுச் செஞ்சது. நல்ல வேலை. ஆனா எந்தச் சாதாரணப் பயனரும் ஒரு சர்வீஸ் கணக்குக்கான டிக்கெட்டைக் கேட்டு வாங்கி, வீட்டுல வச்சு உடைக்கலாம்னு 2014லயே காட்டியாச்சு. அந்தக் கணக்குக் கடவுச்சொல்லை மனுஷன் யோசிச்சு வச்சிருந்தா உடையும், இயந்திரம் நீளமா உருவாக்கியிருந்தா உடையாது.

இதையெல்லாம் சொன்னா வர்ற பதில்கள் எனக்கு மனப்பாடம். "உள் நெட்வொர்க்தானே, நம்ம ஆளுங்கதானே." நம்ம ஆளுங்கன்னா அப்புறம் எதுக்கய்யா கடவுச்சொல்லே? "ஹப் போய் சுவிட்ச் வந்தாச்சு, ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குக் கேக்காது." சுவிட்சை ஏமாத்துற கருவி இலவசமாக் கிடைக்குது, ரொம்பக் காலமா. "ஹேஷ்தானே தெரியுது." விண்டோஸ் ஹேஷ்ல உப்புகூடக் கிடையாது, உடைக்கவே வேணாம், ஹேஷை அப்படியே கொடுத்து உள்ளே போகலாம்னு 1997லயே காட்டிட்டாங்க. "பழைய செயலி உடைஞ்சுடும்." இது ஒண்ணுதான் நேர்மையான பதில். இதுக்கு மட்டும் மரியாதையாப் பதில் சொல்றேன்: உடையுற செயலி எதுன்னு பட்டியல் போடுங்க. மூடாம வர்ற பைண்டை எல்லாம் செர்வர் பதிவேட்டுலயே காட்டச் சொல்லலாம். ஒரு வாரம் பார்த்தா எதெது, எந்த முகவரில இருந்துன்னு தெரிஞ்சுடும். மைக்ரோசாஃப்டும் 2020ல இதை இயல்பாவே கட்டாயமாக்கப் போறேன்னு முதல்ல சொல்லிட்டு, அப்புறம் பின்வாங்கி நீங்களே பண்ணிக்கோங்கன்னு விட்டுடுச்சு. செர்வர் 2025ல புதுசாப் போடுற டொமைனுக்குத்தான் கையெழுத்து கட்டாயம்ங்கிறது இயல்பு நிலைக்கு வந்திருக்கு. பழசை வச்சிருக்கிறவங்க இன்னும் அவங்கவங்க கையாலதான் மாத்தணும்.

சக பதிவர்கள்ல பாதிப் பேர் இந்தத் துறைலதான் இருக்கீங்க, எனக்குத் தெரியும். நாளைக்கு டீ குடிச்சிட்டு வந்ததும், உங்களுக்கு அனுமதி இருக்கிற செர்வர்ல மட்டும், மூணு காரியம் பாருங்க. பேரே சொல்லாம எல்டாப்ல தேடினா யூசர்பாஸ்வேர்ட் புலம் வருதா. 389ல மூடாத பைண்ட் எந்த முகவரில இருந்து வருது. சிஸ்வால்ல 'சிபாஸ்வேர்ட்'னு தேடினா எத்தனை கோப்பு கிடைக்குது. கட்டளைலயே கடவுச்சொல்லை எழுதித் தேடாதீங்க, ஓடிட்டு இருக்கிற புரோகிராம் பட்டியல்ல பக்கத்து ஆளுக்குத் தெரியும், ஷெல் வரலாற்றுலயும் தங்கிடும். பெரிய 'டபிள்யூ' போட்டா அது தனியாக் கேக்கும்.

துறைல இல்லாதவங்க, உங்களை யாராவது விசாரணைக் கூண்டுல நிறுத்தி "உங்க பாஸ்வேர்ட் உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?"னு கேட்டா, "அப்படித்தான் இருக்கணும். உங்க டைரக்டரில அப்படித்தான் இருக்குன்னு முதல்ல நீங்க காட்டுங்க"ன்னு சொல்லுங்க. எழுத்துல கேளுங்க.

பி.கு.: போன தடவை ஒரு அண்ணாச்சி "என் கடவுச்சொல் வலுவா இருக்கான்னு பாருங்க"ன்னு பின்னூட்டத்துலயே அதைப் போட்டுட்டார். நீக்கிட்டேன். தயவுசெஞ்சு இந்தத் தடவை வேணாம் :)